புது சோபா வீட்டுக்குள் போகுமா? காசு கட்டுமுன் நூல் பிடித்துப் பார்ப்போம்



முன்பெல்லாம் எங்கள் லயங்களில் இஸ்தோப்பிலே ஒரு வாங்கு, காம்பராவிலே ஒரு கட்டில், விருந்தாளி வந்தால் விரிக்க ஒரு பாய். இவ்வளவுதான் தளபாடம். இப்போது பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறார்கள். தீபாவளி முற்பணமும் சீட்டுக் காசும் சேர்ந்தால் "இந்த வருஷமாவது ஒரு சோபா போடணும்" என்ற பேச்சு வருகிறது. பொண்ணு பார்க்க வருகிறவர்களை மரியாதையாக உட்கார வைக்கவேண்டும், நாள் பூரா மலையில் நின்ற கால்களுக்கு ஒரு சாய்மானம் வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை.

ஆனால் சோபா வாங்கும்போது நாம் விலையைக் கேட்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், உட்கார்ந்து குலுக்கிப் பார்க்கிறோம். அளவை மட்டும் கேட்பதில்லை. "அதெல்லாம் எப்படியாவது நுழைச்சிடலாம்" என்று சொல்லிவிடுகிறோம். எப்படியாவது நுழைக்கப் போய்த்தான் காசும் போகிறது, முதுகும் போகிறது. ஆகவே இந்த இதழில் சோபாவை அளப்பது எப்படி, வீட்டுக்குள் கொண்டுபோவது எப்படி என்பதைப் பாடம் பாடமாகப் பார்ப்போம்.

கஷ்டம் எங்கே வருகிறது?

ஒரு லயத்துக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் இருக்கையில் டவுனிலிருந்து மூன்று பேர் உட்காரும் சோபா வந்து இறங்குகிறது. காம்பராவுக்குள் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் கதவு நிலைக்குள் அது போகவில்லை. தள்ளிப் பார்க்கிறார்கள், சாய்த்துப் பார்க்கிறார்கள், பக்கத்துக் காம்பரா அண்ணனையும் கூப்பிடுகிறார்கள். நேரம் இருட்டி, மழையும் தூறத் தொடங்குகிறது. விடியும்போது உள்ளே இருக்கும் ஸ்பொஞ்ச் தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்கு பாரமாகி விடுகிறது. கடைக்காரர், "நனைஞ்ச சாமானை நாங்க எப்படிங்க திருப்பி எடுக்கிறது?" என்கிறார்.

இங்கே கஷ்டம் காம்பராவில் இல்லை. சோபா போகும் வழியில் இருக்கிறது. காம்பரா பெரிதாக இருந்தாலும் கதவு நிலை சின்னதென்றால் சோபா முற்றத்தில்தான் நிற்கும். முதலில் வழியை அளக்க வேண்டும். பிறகு காம்பராவை அளக்க வேண்டும். கடைசியாகத்தான் சோபாவைப் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடம் 1: எதைக் கொண்டு அளப்பது?

சாண், முழம் வேண்டாம். அப்பாவின் சாண் வேறு, மகனின் சாண் வேறு. தையல் வேலை செய்யும் அக்காவிடம் அளவு நாடாவை இரவல் வாங்குங்கள். அது 60 அங்குலம், அதாவது 5 அடி நீளம். அதைவிட நீளமான இடத்தை ஒரு கயிற்றால் பிடித்து, பிறகு கயிற்றை நாடாவில் வைத்து அளக்கலாம்.

கடைகளில் சில சோபாக்களின் அளவு சென்ரிமீற்றரில் எழுதியிருக்கும். ஒரு அங்குலம் 2.54 சென்ரிமீற்றர். ஆகவே 190 சென்ரிமீற்றர் என்றால் ஏறக்குறைய 75 அங்குலம், அதாவது ஆறேகால் அடி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கணக்கைக் கொடுங்கள். அதுவும் படித்தமாதிரி இருக்கும்.

அளந்ததை அப்போதே ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளும் நாடாவும் பையில் இருக்க வேண்டும்.

பாடம் 2: கதவு நிலை

கதவின் அகலத்தைப் பலர் சுவரிலிருந்து சுவருக்கு அளக்கிறார்கள். அது சரியல்ல. நிலையின் உட்பக்கச் சட்டத்திலிருந்து மறுபக்க உட்சட்டம் வரை அளக்க வேண்டும். மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, ஆகக் குறைந்த அளவை எழுத வேண்டும். பழைய லயங்களில் நிலை ஒருபக்கம் சாய்ந்திருப்பது உண்டு.

உயரத்தை வாசற்படியின் மேற்பக்கத்திலிருந்து நிலையின் மேற்சட்டத்தின் அடிப்பக்கம் வரை அளவுங்கள். கதவைத் திறந்து வைத்தாலும் கதவுப் பலகையின் கனம் ஒன்றரை அங்குலம் போல இடத்தைப் பிடிக்கும். இதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

சோபாவுக்கு மூன்று அளவு உண்டு. ஒரு கைப்பிடியின் வெளிப்பக்கத்திலிருந்து மறு கைப்பிடியின் வெளிப்பக்கம் வரை உள்ளது நீளம். தரையிலிருந்து சாய்மனையின் உச்சி வரை உள்ளது உயரம். சாய்மனையின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை உள்ளது ஆழம். உயரம், ஆழம் இரண்டில் எது சிறியதோ, அது கதவு நிலையின் அகலத்தைவிட 2 அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும். அந்த 2 அங்குலம் நம் விரல்களுக்காக. விரல் நசுங்கினால் கொழுந்து எடுப்பது எப்படி?

ஒரு கணக்குப் பார்ப்போம். கதவு நிலை 31 அங்குல அகலம். சோபாவின் ஆழம் 34, உயரம் 33. இரண்டும் நிலையைவிடப் பெரிது. "அப்போ வேணாம்" என்று விட்டுவிட வேண்டியதில்லை. பல சோபாக்களின் கால்கள் திருகிக் கழற்றும் வகை. கால் 4 அங்குலம் என்றால் கழற்றியபின் உயரம் 29. சாய்மனை தரையைப் பார்க்கும்படி சோபாவை மல்லாத்தினால், உயரமாக இருந்த அந்த 29 அங்குலம் இப்போது அகலமாக மாறும். கதவு இருந்தபடியே என்றால் 31இல் ஒன்றரையைக் கழித்து இருபத்தொன்பதரைதான் கிடைக்கும். அது இறுக்கம். பிணைச்சலின் ஆணியைக் கழற்றிக் கதவை எடுத்து வைத்துவிட்டால் முழு 31 அங்குலமும் கிடைக்கும். சோபா உள்ளே போகும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "தம்பி, இதன் கால் கழருமா?" என்பதே முதல் கேள்வி.

பாடம் 3: திரும்பும் இடம்

நேராகப் போகும் வழி என்றால் மேலே சொன்னது போதும். எங்கள் லயங்களில் இஸ்தோப்பில் ஏறி உடனே பக்கவாட்டில் திரும்பித்தான் பல வீடுகளில் காம்பராவுக்குள் போக வேண்டும். ஆறேகால் அடிச் சாமானைப் படுத்தபடி அப்படித் திருப்ப முடியாது.

அதற்கு வழி, சோபாவை ஒரு கைப்பிடி கீழே இருக்கும்படி நெட்டுக்குத்தாக நிறுத்துவது. அப்போது அது தரையில் பிடிக்கும் இடம் ஆழமும் உயரமும் மட்டுமே. மேலே சொன்ன சோபா என்றால் 34 அங்குலத்துக்கு 29 அங்குலம். நின்ற இடத்திலேயே அதைத் திருப்பலாம். ஆனால் சோபாவின் நீளம் கதவு நிலையின் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நிலை 78 அங்குலம், சோபா 75 அங்குலம் என்றால் சரி.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. படுத்திருக்கும் சோபாவை நிமிர்த்தும்போது அதன் மூலை நீளத்தைவிடக் கூடுதலான உயரத்துக்கு எழும்பும். கடையிலேயே சோபாவின் முன்னால் நின்று, ஒரு பக்கத்து அடி மூலையிலிருந்து மறுபக்கத்து மேல் மூலைக்குக் குறுக்காகக் கயிறு பிடித்துப் பாருங்கள். 75 அங்குல நீளமும் 33 அங்குல உயரமும் உள்ள சோபாவுக்கு அந்தக் குறுக்கு அளவு ஏறக்குறைய 82 அங்குலம் வரும். இஸ்தோப்பின் தகரம் அதைவிடத் தாழ்வாக இருந்தால் அங்கே வைத்து நிமிர்த்த முடியாது. தகரம் கிழியும், அல்லது சோபா கிழியும். முற்றத்திலேயே நிமிர்த்தி, நின்றபடியே நகர்த்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். தகரத்தின் ஆகத் தாழ்ந்த இடத்தையும் மறக்காமல் அளந்து வையுங்கள். மின்குமிழ், வயர், துணி காயப்போடும் கொடி ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்தும் போகாவிட்டால் நிலையைப் பெயர்ப்பது, சுவரை உடைப்பது, சோபாவின் சட்டத்தை அறுப்பது ஆகிய மூன்றும் வேண்டாம். லயத்துச் சுவர் அடுத்த வீட்டுக்காரரின் சுவருமாகும்.

பாடம் 4: காம்பராவில் மிச்சம் எவ்வளவு?

பழைய லயக் காம்பராவின் வழமையான அளவு 10 அடிக்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி. மூன்று பேர் சோபா, இரண்டு பேர் சோபா, ஒற்றைக் கதிரை என்று முழு செட்டையும் போட்டால் தரையில் 40 சதுர அடி போல அதற்கே போய்விடும். மூன்றில் ஒரு பங்கு! 6 அடிக்கு 4 அடிக் கட்டில் இன்னொரு 24 சதுர அடி. பிறகு அலுமாரி, டிவி, பிள்ளையின் படிப்பு மேசை. ராத்திரியில் பாய் விரித்துப் படுப்பவர்கள் எங்கே படுப்பது?

இந்திய உதவித் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகள் 550 சதுர அடி. அங்கே வசதி கூட. ஆனாலும் அது சமையலறை, படுக்கையறை எல்லாம் சேர்ந்த அளவு என்பதை மறக்கக்கூடாது. புது வீட்டுக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் இரண்டு வீட்டு நிலையையும் அளந்து பார்த்து வாங்குவது நல்லது.

காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறோம். பழைய பேப்பரையோ விரித்த கார்ட்போட் பெட்டியையோ சோபாவின் நீளத்துக்கும் ஆழத்துக்கும் வெட்டி, வைக்க நினைக்கும் இடத்தில் தரையில் போடுங்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். யாரும் அதை மிதிக்கக்கூடாது. விடியற்காலை தேநீர் வைக்கப் போகும் அம்மா, தண்ணீர்க் குடத்தோடு வரும் தங்கச்சி, ராத்திரியில் வெளியே போகும் அப்பாயி எல்லோரும் நடந்து பார்க்கட்டும். நடக்கும் வழி 2 அடிக்குக் குறையக் கூடாது. அலுமாரிக் கதவு முழுக்கத் திறக்க வேண்டும். படிப்பு மேசைக்கு இடம் போகக்கூடாது. இரண்டு நாளில் நாலு தரம் பேப்பரை மிதித்திருந்தால் அந்த சோபா உங்கள் காம்பராவுக்குப் பெரிது.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் இது. முன்கதவு, பின்கதவு எதையும் சோபா மறைக்கக் கூடாது. ஸ்பொஞ்ச் பிடித்து எரிந்தால் தீ விரைவாகப் பரவும், கறுத்த நச்சுப் புகை வரும். ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுவதற்கும் போகும். அந்த நேரத்தில் இருட்டில் தட்டுத் தடுமாறாமல் வெளியே ஓட வழி வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தாலும் இதே கதைதான். ஆகவே அடுப்புக் காம்பராவில் சோபா வேண்டவே வேண்டாம். நுளம்புச் சுருள், குப்பிலாம்பு, மெழுகுதிரி எதையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இடம் போதாதவர்கள் மனம் தளர வேண்டாம். இரண்டு பேர் உட்காரும் சிறியதொன்றும் தனிக் கதிரை இரண்டும் வாங்கினால் நாலு பேர் உட்காரலாம். ஒவ்வொன்றாகத் தூக்கலாம், வேண்டாதபோது நகர்த்தலாம். தச்சு பாஸ் ஒருவரிடம் அளவு கொடுத்து, மெத்தை தனியாக எடுக்கும் மரச் செட்டி செய்விப்பதும் நல்ல வழி. எங்கள் குளிருக்கும் ஈரத்துக்கும் மெத்தையை வெயிலில் போட்டு எடுக்க முடிவது பெரிய வசதி.

பாடம் 5: கடையில் கவனிக்க வேண்டியவை

அளவு பொருந்துமுன் முற்பணம் கொடுக்காதீர்கள். "இன்னைக்கு மட்டுந்தான் இந்த விலை" என்று சொன்னாலும் சரி, நாடாவை வெளியே எடுத்து நீங்களே அளவுங்கள்.

தவணைக்கு எடுப்பவர்கள் மாதக் காசை மட்டும் பார்க்காமல் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். உதாரணமாக, ரொக்க விலை 90,000 ரூபா என்று வைப்போம். தவணைக்கு என்றால் முற்பணம் 20,000, பிறகு மாதம் 8,000 வீதம் 12 மாதம். மாதக் காசு மட்டும் 96,000. முற்பணத்தோடு 116,000. கூடுதலாகப் போவது 26,000 ரூபா. சம்பளம் குறையும் மாதங்களில் இந்த 8,000 எங்கிருந்து வரும் என்பதையும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். எழுதாத வெற்றுப் படிவத்தில் ஒருநாளும் கையொப்பம் வைக்காதீர்கள். தெரியாத மொழியில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

"வீட்டுக்கே கொண்டாந்து தருவோம்" என்று கடையில் சொல்வார்கள். எந்த வீடு வரை? லொறி மெயின் ரோட்டில் நின்றுவிட்டால் மிச்சத்துக்கு யார் பொறுப்பு? அளவு பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா? எத்தனை நாளைக்குள்? இவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. முறைப்பாடு இருந்தால் அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முறைப்பாடு நிற்பது கஷ்டம்.

பாடம் 6: ரோட்டிலிருந்து லயம் வரை

லொறி வருவதற்கு முந்திய நாளே ஒருவர் அந்த வழியை நடந்து பார்த்துவர வேண்டும். படிக்கட்டு எவ்வளவு அகலம்? கானுக்கு மேல் போட்ட பலகை பாரம் தாங்குமா? எந்த வளைவில் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம்? மழை இல்லாத ஞாயிறு காலை நல்லது. வேலை முடிந்து களைத்த அந்தி நேரம் வேண்டாம்.

மூன்று பேர் சோபா 40 முதல் 60 கிலோ வரை இருக்கலாம். தூக்க நாலு பேர் இருந்தால் நல்லது. வழி சொல்ல இன்னும் ஒருவர் வேண்டும். அவர் தூக்கக் கூடாது. "படி வருது, மெதுவா", "இடது பக்கம் இறக்கு" என்று சொல்வதே அவர் வேலை. அவர் ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் பத்துப் பக்கம் சொன்னால் விழுவது நிச்சயம்.

மெத்தைகளையும் கால்களையும் முதலில் கழற்றித் தனியாகக் கொண்டு போங்கள். கால்களையும் திருகாணிகளையும் ஒரு பையில் போட்டுக் கட்டிப் பத்திரப்படுத்துங்கள். சோபாவைப் படங்கால் மூடிக் கயிற்றால் கட்டுங்கள். படியில் ஏறும்போது பாரம் கீழே இருப்பவர் மேல்தான் கூடுதலாக விழும். ஆகவே பலசாலி கீழே நிற்க வேண்டும். தூக்கும்போது முழங்காலை மடித்துக் குந்தி, முதுகை நிமிர்த்தி, சாமானை உடம்போடு ஒட்டிப் பிடித்து எழும்ப வேண்டும். குனிந்தபடி இழுக்கக் கூடாது, பாரத்தோடு இடுப்பைத் திருகக் கூடாது. செருப்போடு வேண்டாம், சப்பாத்து போடுங்கள். கர்ப்பிணித் தாய்மாரும் நாரிவலி உள்ளவர்களும் கை வைக்க வேண்டாம். ஒருவரின் முதுகு பிடித்துக்கொண்டால் போகும் நாட்சம்பளத்தை எந்த சோபாவும் திருப்பித் தராது.

பாடம் 7: வைத்த பிறகு

சுவரோடு ஒட்டி வைக்காமல் 3 அல்லது 4 அங்குலம் தள்ளி வையுங்கள். காற்று போனால் பூஞ்சணம் பிடிக்காது. தரை ஈரமென்றால் ஒவ்வொரு காலின் கீழும் தட்டையான பலகைத் துண்டு வையுங்கள். மாதம் ஒருமுறை நகர்த்திக் கூட்டினால் எலியும் குடியிருக்காது. கழற்றிய கதவை அன்றைக்கே மாட்டிவிடுங்கள்.

செய்து பார்ப்போம்

பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து கணக்கைச் செய்யுங்கள். விடையை மூடி வைத்துக்கொண்டு பாருங்கள்.

1. கதவைக் கழற்றிய நிலையின் அகலம் 28 அங்குலம். சோபாவின் ஆழம் 35, உயரம் 32. கால் 3 அங்குலம் கழற்றலாம். போகுமா?

2. அதே நிலை. தச்சு பாஸ் செய்யும் மரச் செட்டியின் ஆழம் 26, உயரம் 32. போகுமா?

3. இஸ்தோப்புத் தகரத்தின் உயரம் 78 அங்குலம். சோபாவின் நீளம் 180 சென்ரிமீற்றர். குறுக்கே பிடித்த கயிறு 78 அங்குலம். எங்கே வைத்து நிமிர்த்துவது?

விடைகள்: 1. போகாது. கால் கழற்றினாலும் உயரம் 29, நிலையைவிட ஒரு அங்குலம் கூட. 2. போகும். ஆழம் 26, விரலுக்கு 2 அங்குலம் மிச்சம். 3. முற்றத்தில். சோபாவின் நீளம் ஏறக்குறைய 71 அங்குலம்தான். ஆனால் நிமிர்த்தும்போது மூலை தகரத்தில் இடிக்கும்.

இந்தக் கணக்குகளைச் செய்து முடித்த குடும்பங்கள் இன்றைக்கே தங்கள் கதவு நிலையின் அகலம், உயரம், தகரத்தின் உயரம், காம்பராவின் நீள அகலம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரிலே ஒட்டி வையுங்கள். சோபாவுக்கு மட்டுமல்ல, நாளைக்கு அலுமாரியோ கட்டிலோ வாங்கும்போதும் அதே தாள் உதவும். அளப்பதில் சந்தேகம் இருந்தால் நாங்கள் லயத்துப் பக்கம் வரும் நாளில் கேளுங்கள். நாடாவோடு வருவோம்.